கைநாட்டு என்று எழுதிவிட்டேன்

என்னைக் கைது செய்வதற்கான காகிதத்தை என் மனைவியின் ஜெராக்ஸ் கடையிலேயே மூன்று பிரதி எடுத்தார்கள். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் அத்தனை காலையில் திறந்திருந்தது அந்த ஒரு கடைதான். நான் உள்ளே உட்கார்ந்து அடுத்த இதழுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "ரெண்டு பக்கமும் எடும்மா" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்து, காசையும் வாங்கி டப்பாவில் போட்ட பிறகுதான் அதில் என் பெயர் இருப்பதைப் பார்த்தாள். "படிச்சிட்டு எடுக்கக் கூடாதா?" என்று ஜீப்பில் ஏறும்போது கேட்டேன். "வர்ற பேப்பரையெல்லாம் படிச்சிக்கினு இருந்தா கடைய எப்ப நடத்துறது?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினோரு வருடமாக மாதம் இருமுறை நான்கு பக்கத்தில் ஒரு பத்திரிகை நடத்துகிறேன். ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர், கட்டைத் தூக்கிக்கொண்டு மானாம்பதி, வாலாஜாபாத் வரை டீக்கடை டீக்கடையாகப் போட்டுவிட்டு வருகிறவர், எல்லாம் நானேதான். வரதட்சணை வாங்கினவர், காலனிக்காரருக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தவர், ஏரி மண்ணை லாரி லாரியாக அள்ளினவர், அள்ளும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற அதிகாரி, இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று ஒருவரையும் விட்டதில்லை. திட்டு வாங்கினவர்கள்தான் தவறாமல் வாங்கிப் படித்தார்கள். ஆளும் கட்சிக்காரர் ஒருவர் ஆயுள் சந்தாவே கட்டியிருந்தார். இதிலெல்லாம் எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் திருத்தம் போட்டதில்லை என்று மேடையிலேயே பீற்றிக்கொள்வேன்.

வழக்குக்குக் காரணமான விஷயம் ரொம்பச் சாதாரணம். பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலனியை ஒட்டி மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. காலனிப் பெண்களின் ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன. அவர்களில் யாருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. பிள்ளைகளின் காலேஜ் பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாமே அந்த ஆடுகள்தான். அந்த நிலத்தை ஒரு குடோன் கம்பெனிக்குக் கொடுக்க அரசாங்கம் முடிவு செய்தது. அதற்கு ஊர் சம்மதம் என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் வேண்டும்.

எங்கள் பக்கம் கிராம சபை நடக்கிற முறை ஒன்று உண்டு. காலையில் பந்தலுக்குள் நுழையும்போதே தீர்மானப் புத்தகத்தை நீட்டுவார்கள். வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் டீயும் பிஸ்கட்டும் உண்டு. போடாவிட்டால் நூறு நாள் வேலையில் பெயர் விட்டுப்போய்விடுமோ என்று பயம். எல்லாரும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, மத்தியானம் சாவகாசமாக, கையெழுத்துகளுக்கு மேலே விட்டுவைத்த வெற்றுப் பக்கத்தில் கிளார்க் தீர்மானங்களை எழுதுவார். இதை யாரும் ஒளித்து மறைத்துச் செய்வதில்லை. எழுதுகிறவருக்கு வெட்கமில்லை, போடுகிறவருக்குச் சந்தேகமில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே குடவோலை போட்டு ஆள் எடுத்து, அந்த விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த வட்டாரம் இது. கல்லில் வெட்டினால் அப்புறம் மாற்ற முடியாது என்றுதான் நோட்டுப் புத்தகத்துக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்த வருடம் சுதந்திர தினத்தன்று நடந்த கிராம சபையில் காலனியிலிருந்து நாற்பது பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து மேய்க்காலில் சர்வே கல் நட்டபோதுதான் தாங்களே சம்மதம் கொடுத்திருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. அவர்களுடைய மகளிர் குழுவின் தலைவி எனக்கு போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, நாங்க கையெயுத்து போடச்சொல்ல மேல ஒண்ணியும் எயுதல. வெறும் பேப்பரு. இப்ப இன்னாடான்னா நீங்களே குடுத்துட்டீங்கன்றாங்க. நீ அத்த மட்டும் போடு" என்றார்.

அதை மட்டும் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குத்தான் 'மட்டும்' என்பது பிடிக்காதே. 'எழுத்தறியாத ஏழைத் தாய்மார்களின் கட்டைவிரலைப் பற்றி இழுத்து, மையில் தோய்த்து, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி, அவர்தம் நிலத்தை விழுங்கிய அரசே' என்று தலையங்கத்தை ஆரம்பித்தேன். எழுதி முடித்ததும் இரண்டு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கட்டவெரல யாரு இயுத்தாங்க, நீ பாத்தியா?" என்றாள். "அது ஒரு நயம்" என்றேன். "நயமா" என்று சொல்லிவிட்டு லேமினேஷன் மிஷின் பக்கம் போய்விட்டாள்.

நாற்பது பேரில் ஒருவர்கூடக் கைநாட்டு வைக்கவில்லை. அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். குழுவில், பேங்கில், நூறு நாள் வேலையில் என்று போட்டுப் போட்டுப் பழகின கைகள். வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். கேட்கத் தோன்றவில்லை. நான் ஊர்த்தெருவில் பிறந்தவன். சமத்துவம், சமத்துவம் என்று தொண்டை கிழியக் கத்தியவன். ஆனால் காலனிப் பெண் என்று எழுத உட்கார்ந்ததும் பேனா தானாகக் கட்டைவிரலைத்தான் வரைந்தது. யோசிக்க யோசிக்க இன்றைக்கும் அவமானமாக இருக்கிறது.

பொய்ச் செய்தி பரப்பினேன், அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டினேன், அரசு ஊழியரைத் தடுத்தேன் என்று வழக்கு. இன்ஸ்பெக்டர் காலனிக்குப் போய் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கைநாட்டு வெச்சீங்களா?" என்றார். "நாங்க எதுக்கு சார் கைநாட்டு வெக்கிறோம்?" என்று அத்தனை பேரும் கோபமாகச் சொன்னார்கள். அது உண்மை. பேப்பர் வெறுமையாக இருந்ததா என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த வாக்குமூலங்களைக் காட்டியே என் ஜாமீன் மனுவை இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். "பொய்னு நிரூபிக்க அவங்களுக்கு ஒரு வேலையும் வைக்கலையே சார் நீங்க" என்று வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது என்று பெண்கள் வாய் திறந்து சொன்னால் நான் வெளியே வரலாம், மேய்க்காலும் பிழைக்கலாம். சொல்லாவிட்டால் இரண்டும் போச்சு.

சிறையைப் பற்றி எனக்கு ஒரு கற்பனை இருந்தது. அங்கே போய் ஒரு நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று தடிமனான நோட்டு ஒன்று கேட்டு வாங்கினேன். முதல் வாரத்தில் எழுதியது இரண்டே வரி. இரண்டும் உப்புமாவைப் பற்றி. பக்கத்தில் படுத்திருந்த பைக் திருடன் என்னிடம் ரொம்ப மரியாதையாக இருந்தான். "கட்சில இன்னா பதவிண்ணா?" என்று கேட்டான். பதவி ஒன்றும் இல்லை என்றேன். "அப்பறம் இன்னாத்துக்கு உள்ள வந்தீங்க?" என்றான். நல்ல கேள்விதான். பகலெல்லாம் நக்கல் பேசிக்கொண்டிருப்பேன். மத்தியானம் கம்பிக்கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்கும்போது மட்டும் நோட்டைத் திறந்து அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் படிப்பேன். பயந்துதான் இருந்தேன்.

மூன்றாவது வாரம் மனு போட்டு என்னைப் பார்க்க என் மனைவியும் அக்காவும் வந்தார்கள். அக்கா அழுவார் என்று நினைத்து, கலங்காதீர்கள் என்று தொடங்கும் நாலு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "ஏன் தம்பி, நாங்க இன்னா கைநாட்டா?" என்றார்.

கலங்காதீர்கள் என்று நான் ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவில்லை.

"எம் பொண்ணு படிக்கிற காலேஜ்ல ஒருத்தி உன் பேப்பர போன்ல காட்டி, உங்கம்மா கைநாட்டாடின்னு கேட்டுக்கிறா. அவ வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு துன்னல. நடவு நட்டுட்டு வந்து, சேத்துக் கையோட ராத்திரி இஸ்கூலுக்குப் போயி கத்துக்கினேன் என் பேர எயுத. மொத மொதல்ல பேங்க்ல போடச்சொல்ல ரெண்டு பாரம் வீணாச்சி. நீ ஒரே வரில அத்த அயிச்சிட்ட. கவர்மெண்ட்டு நெலத்ததான் எடுத்துக்கினான்."

"அக்கா, தப்புதான்" என்றேன். "ஆனா பேப்பர் காலியா இருந்துதுன்னு நீங்க கலெக்டர்கிட்ட சொல்லணும்."

"சொல்றோம். நாப்பது பேரும் வரோம். மொதல்ல நீ எயுதினது தப்புன்னு மொத பக்கத்துல போடு. தப்பா எயுதினவன்கூட நின்னுக்கினு பேசினா எங்கள எவன் நம்புவான்?"

வக்கீல் பதறினார். திருத்தம் போட்டால் பொய் சொன்னதை நானே ஒப்புக்கொண்டதாகும், வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான் என்றார். எனக்கும் அது சாக்காக நன்றாக இருந்தது. மனைவிதான் அந்தச் சாக்கைப் பிடுங்கினாள். "வக்கீலு அப்டிதான் சொல்வாரு. நீ அவரயா கைநாட்டுன்னு எயுதின?" என்றாள்.

எழுதிக் கொடுத்தனுப்பினேன். அடுத்த மனுவில் இருவரும் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 'எழுத்தறிவு பெற்றுவரும் மகளிர்' என்று எழுதியிருந்தேன். "பெற்றுவரும்னா இன்னா, இன்னும் வந்து சேரலியா?" என்றார் அக்கா. மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். மறுபடி எழுதினேன். 'எவர் மனமேனும் புண்பட்டிருக்குமானால்' என்று அதில் ஒரு வரி. "இன்னாது இது, பட்டிருக்குமானால்? பட்டுச்சின்னுதான சொல்லிக்கினு கீறேன்" என்றார். பதினோரு வருடத்தில் என் எழுத்தை இப்படி வரி வரியாக யாரும் படித்ததில்லை. கடைசியில் பொறுமையிழந்து அவரே சொன்னார், மனைவி எழுதிக்கொண்டாள். 'போன இதழில் நான் எழுதியது தப்பு. நாற்பது பேருக்கும் எழுதத் தெரியும். எல்லாரும் கையெழுத்துத்தான் போட்டார்கள். நான் அவர்களைக் கேட்காமல் எழுதினேன்.' கடைசி வரி அவசியமா என்று மெதுவாகக் கேட்டேன். "அதான் முக்கியம்" என்றார்.

மனைவி ஒற்றை ஆளாக நின்று அந்த இதழைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே அந்த நாலு வரி மட்டும், பெரிய எழுத்தில். திங்கட்கிழமை மனு நாளில் நாற்பது பெண்களும் ஒரு வேனும் ஒரு டவுன் பஸ்ஸுமாகக் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். ஆளுக்கொரு மனு. கையெழுத்துப் போட்டபோது மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. மனு வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் பழக்கதோஷத்தில் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தாராம். அக்கா அதை அவர் பக்கமே தள்ளிவிட்டு, "பேனா கீது சார்" என்றாராம்.

வக்கீல் சொன்னபடியே அரசு வக்கீல் என் திருத்தத்தை கோர்ட்டில் வாசித்தார். எங்கள் வக்கீல் நாற்பது மனுக்களின் நகலையும் கொடுத்தார். அப்படியானால் பக்கம் வெறுமையாக இருந்ததா, இல்லையா என்று நீதிபதி கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றார் அரசு வக்கீல். அன்றைக்கு எனக்கு ஜாமீன் கிடைத்தது. மேய்க்கால் விஷயத்தைக் காந்தி ஜெயந்தி கிராம சபையில் மறுபடி வைக்கும்படி கலெக்டர் ஆபீசிலிருந்து உத்தரவும் போனது.

ஜாமீனில் ஒரு நிபந்தனை. மாவட்டத்துக்குள் காலெடுத்து வைக்காமல் வேலூரில் தங்கி, தினமும் அங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே ஊருக்கே முக்கியமான அந்தக் கிராம சபை அன்றைக்கு நான் வேலூரில் ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மனைவி கூப்பிட்டாள்.

வழக்கம்போல வாசலிலேயே புத்தகத்தை நீட்டியிருக்கிறார்கள். மேல் பக்கம் வெறுமை. அக்கா சண்டை போடவில்லை. வாங்கி, கையெழுத்துப் போட்டு, அதற்கு நேர் கீழே, 'நான் போடும்போது மேலே ஒன்றும் எழுதவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்திருக்கிறார். அவரும் அதேபோல எழுதினார். பாதி வரிசை தாண்டும்போதுதான் கிளார்க் எட்டிப் பார்த்தார். கிழிக்கவும் முடியாது, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்ட புத்தகம். மெதுவாக எழுதுகிறவர்கள் மெதுவாகவே எழுதினார்கள். நாற்பது பேரும் எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, டீ ஆறிப்போனது. அதற்குப் பிறகு அந்த வெற்றுப் பக்கத்தில் சம்மதம் என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. மேய்க்காலைக் கொடுக்க முடியாது என்ற தீர்மானத்தை எல்லாருக்கும் எதிரிலேயே கிளார்க் எழுதி, படித்தும் காட்டினாராம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே அக்காவைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து முதல் பக்கத்தில் போடுகிறேன், கூடவே நானே ஒரு தலையங்கம் எழுதுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் அவர் ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"போட்டோ போட்டுக்கோ தம்பி. எயுத வாணாம்" என்றார். "நீ எயுதினா எங்கள அய வெச்சிடுவ. இன்னிக்கி நாங்க யாரும் அயல."