வெங்காய மூட்டை மேல் ஒரு பரிட்சை

பரிட்சை எழுதுகிறவர் ஜம்மென்று உட்கார்ந்து எழுத, கண்காணிக்க வந்த வாத்தியார் வாந்தியெடுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். பத்துப் பதினைந்து நாள் இருக்கும். இதே தூத்துக்குடியில். நடந்த இடம் — ஒரு தோணி!

சிரிக்காதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜூன் மாதம் ஊரில் ஒரு கல்லூரி, நாற்பது தாண்டியவர்களுக்கென்று மாலை நேர ஆங்கில வகுப்பு ஆரம்பித்தது. மூன்று மாதம் படிக்க வேண்டும். கடைசியில் ஒரு பரிட்சை, பாஸானால் ஒரு சர்ட்டிபிகேட். பத்திரிகையில் நான் எழுதும் பத்திக்கு ஏதாவது விஷயம் தேறுமே என்ற நப்பாசையில் நானும் பெயர் கொடுத்தேன்.

பதினெட்டு வயதுப் பையன்களுக்குச் செய்த பெஞ்சு. எங்கள் முழங்கால்களை எங்கே வைப்பது என்று பெஞ்சுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பாடம் நடத்தியவர் சந்தானம் என்ற இளம் விரிவுரையாளர். விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளை. அப்பா வயதுக்காரர்களை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு நாக்கு எழவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் ‘அண்ணாச்சி’ சேர்த்துக்கொள்வார்.

எனக்கு ஜன்னலோர இடம். வெளியே கச்சான் — அதுதான் நம் தென்மேற்குக் காற்று — புழுதியை வாரிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடும். வேப்பமரம் ஆடும். தூரத்தில் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும், அப்புறம் இருட்டில் அதுவும் கரைந்துபோகும். சந்தானம் சார் இறந்த காலம், நிகழ் காலம் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருப்பார். நானா? எந்தக் காலத்தில் இருந்தேனோ, எனக்கே தெரியாது. அப்படியொரு சுகம்.

பக்கத்தில் மிக்கேல் அண்ணாச்சி. ஐம்பது தாண்டியவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். கச்சான் வீசும் மாதங்களில் தோணிகள் ஓடுவதில்லை. அதனால் வகுப்புக்கு வந்தார்.

அவர் என்னைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. தோணி முதலாளி சொல்லியிருந்தாராம்: “இங்கிலீஷ் பில்லு வாசிக்கத் தெரிஞ்சு, கையில ஒரு சர்ட்டிபிகேட்டும் இருந்தா, கிறிஸ்துமஸுக்குப் பொறவு நீரு கரையிலயே சரக்குப் பாரும்வே.” இல்லாவிட்டால் அந்த வேலை முதலாளியின் மைத்துனர் மகனுக்கு. பையன் பி.ஏ. படித்துவிட்டுத் தயாராகக் காத்திருந்தான்.

அண்ணாச்சிக்கு ஒரே கஷ்டம். பேனாவைப் பிடித்தால் கை நடுங்கும். எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போகும்.

“என்ன அண்ணாச்சி, பயமா?” என்று கேட்டேன்.

“பயமெல்லாம் இல்ல தம்பி. இங்கன தரை ஆடாம நிக்குல்லா? அதான் ஒத்துவர மாட்டேங்கு.”

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

பரிட்சை ஒரு வெள்ளிக்கிழமை என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை காலை எழுந்து பார்க்கிறேன்... வேப்பமரம் ஆடவில்லை. புழுதி இல்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி ஓர் அமைதி. எனக்கு என்னவோ அழகாக இருந்தது. ஆனால் மிக்கேல் அண்ணாச்சி வீட்டில் இடி விழுந்திருந்தது. கச்சான் முன்கூட்டியே ஓய்ந்துவிட்டது. புதன் விடியலில் பாய் விரிக்க வேண்டும் என்று முதலாளி ஆள் அனுப்பிவிட்டார்.

அன்று மாலையே சந்தானம் சார் பிரின்சிபாலிடம் போய்க் கெஞ்சினார். நானும் கூடப் போனேன்.

“காத்துக்குத் தகுந்தபடி காலேஜ் நடத்த முடியுமாய்யா?” என்றார் பிரின்சிபால். நியாயம்தானே? எந்தக் காலண்டரில் காற்றைப் போட்டிருக்கிறார்கள்?

நாங்கள் கிளம்பத் திரும்பும்போது வாசலில் ஓர் அம்மாள். வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்திருக்கிறார். அண்ணாச்சியின் மனைவி அருள்மேரி.

“ஐயா, கல்யாணமான நாள்ல இருந்து காத்து சொல்லுதபடிதான் என் வீடு நடக்கு. நான் சிரிக்கதும் அழுவுததும் காத்து கையில. ஒரே ஒரு நா உங்க காலேசும் காத்து சொல்லுதத கேட்டா கொறஞ்சா போயிரும்?”

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?”

“தோணில. வெங்காய மூடை ஏத்துதாவ. சரக்கு ஏறும்போது தண்டல் எறங்கக்கூடாதுல்லா?”

பிரின்சிபால் ஒரு தாளை எடுத்தார். அவரே உட்கார்ந்து வேறொரு கேள்வித்தாள் எழுத ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை, பழைய துறைமுகம். சந்தானம் சாரும் நானும் சிறு வள்ளத்தில் ஏறித் தோணிக்குப் போனோம். சார் கரிசல் காட்டுப் பிள்ளை, பாவம், கடலில் கால் வைத்ததே அன்றுதான். கேள்வித்தாளைச் சட்டைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

தோணியில் வெங்காய மூட்டைகளின் மேல் பலகை போட்டு மிக்கேல் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, தலை வாரி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டை!

எழுத ஆரம்பித்தார். தோணி மெல்ல எழும்பியது, மெல்ல இறங்கியது. தூரத்தில் உப்புக் குவியல்களின் மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மூட்டை ஏற்றியவர்கள் சத்தம் காட்டாமல் பூப்போல இறக்கினார்கள். எங்கோ கோயில் மணி. கயிறு முனகியது. அந்தச் சாயங்காலம் முடியாமலே இருந்துவிடக்கூடாதா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன்... அண்ணாச்சியின் கை நடுங்கவில்லை. எழுத்து கோட்டின் மேல் அச்சடித்ததுபோல ஓடிக்கொண்டிருந்தது. சந்தானம் சாரோ தோணியின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு... சரி, விடுங்கள்.

“சாருக்கு ஒரு எலுமிச்சம்பழம் குடுங்கலே!” என்று தாளை விட்டுத் தலை நிமிராமலே ஆட்களுக்குக் குரல் கொடுத்தார் அண்ணாச்சி.

புதன் விடியலில் தோணி போயே போய்விட்டது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஹாலில், ஆடாத பெஞ்சில் பரிட்சை.

ஒன்று யோசித்துப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பையன் கல்லூரிக்கு வரும்போது பையில் ஒரு பேனா இருந்தால் போதும். ஐம்பது வயதுக்காரர் ஒற்றை ஆளாகவா வருகிறார்? காற்றும், முதலாளியும், முழங்கால் வலியும், வீட்டில் காத்திருக்கிற மனைவியும் கூடவே வந்து பெஞ்சில் உட்காருகிறார்களே! ‘ஐயா, உங்களுக்கு எப்போது தோது?’ என்று கல்லூரி ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்? எங்கள் பிரின்சிபால் கேட்டுவிட்டார். அடுத்த வருடம் கச்சான் எழும்பும்போதே வகுப்பாம், அது ஓயும் முன்பே பரிட்சையாம்.

நேற்று ரிசல்ட். பிரின்சிபால் கூப்பிட்டு மிக்கேல் அண்ணாச்சியின் விடைத்தாளைக் காட்டினார். இரண்டு பரிட்சைக்கும் பொதுவாக ஒரு கேள்வி வைத்திருந்தார் — லீவு கேட்டு ஒரு கடிதம். நாங்கள் எல்லோரும் ‘காய்ச்சல்’ என்று எழுதியிருந்தோம். அண்ணாச்சி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இதுதான்: ‘ஐயா, காற்று திரும்பிவிட்டது. நான் போக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வருவேன். தயவுசெய்து லீவு தாருங்கள்.’

கீழே சிவப்பு மையில் பிரின்சிபாலின் கையெழுத்து: ‘லீவ் கிராண்டட்.’

பாஸ்!

ஓட்டமும் நடையுமாக அருள்மேரியிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இனி எந்தக் காத்து வேணும்னாலும் அடிக்கட்டும்” என்றார். என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்க பாஸா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“பெயில்” என்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் வேறு என்ன ஆவான்?

அழுத கண்ணோடு சிரித்துவிட்டார்.

“உங்களுக்கென்ன அண்ணாச்சி, எந்தக் காத்து அடிச்சாலும் கரையிலதான இருக்கிய!”