கட்டிலுக்கடியில் படுக்கும் நாய்

பனச்சமூட்டில் நான் மிருக வைத்தியம் பார்த்த காலத்தில், ஒருவர் தன் நாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர், ஒடிசலான உடம்பு. யாரோடு பேசினாலும் அவருடைய ஒரு கை நாயின் முதுகிலேயே இருக்கும்.

நாய் நாலடி நடப்பதற்குள் மூச்சிரைத்தது. விலாவைத் தடவினேன், எலும்பு விரலில் தட்டவே இல்லை. மேலிருந்து பார்த்தால் இடுப்பு இருக்கும் இடமே தெரியவில்லை.

“கொழுப்பாக்கும். தீனியைக் குறைக்கணும்,” என்றேன்.

“நான் ஒரு நேரம் ஒரு பிடி சோறுதான் வைக்கேன், டாக்டரே.”

“அப்போ வேற ஆரோ குடுக்காங்க. வீட்டுல ஆரெல்லாம் உண்டு?”

“எனக்க வீட்டுக்காரி மட்டுந்தான். காரக்கோணம் ஆஸ்பத்திரியில காட்டுதோம். படுத்த கெடப்பிலாக்கும். இவன் எப்பவும் அவளுக்க கட்டிலுக்கடியிலதான்...”

அவர் கை நாயின் விலாவில் அழுந்தி அங்கேயே இருந்தது.

“‘நான் தின்னுக்கிடுதேன், நீங்க பால்வெட்டப் போங்க’ம்பா. வந்து பாத்தா தட்டு காலியா இருக்கும். அவ தேறுதான்னு நெனச்சேன்.”

“நாயை வெளியில கெட்டிப் போடுங்க,” என்றேன்.

“கெட்டிப் போட்டா, நான் அறிஞ்சது அவளுக்குத் தெரிஞ்சுபோவுமே.”

நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு அவர் வரவில்லை.

கொழுத்த நாய்கள் இன்றும் வருகின்றன. விலாவைத் தடவிப் பார்க்கிறேன். வீட்டில் ஆரெல்லாம் உண்டு என்று கேட்கத்தான் நா எழுவதில்லை.