மூக்கடைப்புக்கு இரண்டு மதிப்பெண்

காலை ஆறு பத்து. விழித்ததும் முதலில் கண்ணில் பட்டது, தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் திறந்த வாய். மூக்கு வழியாக மூச்சே போகவில்லை. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டித் தறிக்கூடம். பஞ்சுத் தூசியும் அவளுடைய சைனஸும் பல வருடப் பழக்கம். எழுந்ததும் குறிப்பேட்டை எடுத்து எழுதினாள்: அடைப்பு, இரண்டு.

கோவையில் ஒரு மருத்துவமனை, மூக்கில் அடிக்கும் புது மருந்தை ஆய்வு செய்துகொண்டிருந்தது. அதில் சேர்ந்தவர்கள் தினமும் அடைப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். பத்து என்றால் முழு அடைப்பு. அவள் எட்டில் ஆரம்பித்தாள். பிறகு வாரத்துக்கு ஒன்றாகச் சீராகக் குறைந்தது. பத்திரிகையில் செய்தி திருத்திய எனக்குச் சீரான எண்களைக் கண்டால் உறுத்தும். அவள் மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தது. ஆபரேஷன் வேண்டுமா என்பதை இந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மருந்தை அடிக்கிறாளா என்று பாட்டிலை ஆட்டிப் பார்த்தேன். குறைந்துதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஒரு துளியை நாக்கில் வைத்தேன். லேசாகக் கசந்தது. வித்தியாசம் தெரியாமலிருக்க உப்புத்தண்ணீரிலும் கசப்புச் சேர்ப்பார்களாம்; அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அடுத்த பரிசோதனைக்கு நானும் போனேன். குறிப்பேட்டைப் புரட்டிய நர்ஸ் பெண், "சூப்பருங்க அக்கா, ரெண்டுக்கு வந்துட்டீங்க" என்றாள்.

"ராத்திரி பூரா வாயிலதானுங்க மூச்சு உடறா" என்றேன்.

மனைவி என்னை முறைத்தாள். "இவருக்கு எதுலயுஞ் சந்தேகம் கண்ணு. சாம்பார்ல உப்பு போட்டன்னு சொன்னாக்கூட இன்னொருத்தருகிட்டக் கேட்டுப்போட்டுத்தான் திம்பாரு."

"அக்கா, நெசத்தைச் சொல்லுங்க. அடைப்பு இருக்குதுங்களா?"

மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நீயும் வாரா வாரம் போன் பண்ணி, 'பரவாயில்லைங்களா அக்கா'ன்னு கேக்கற. மருந்தும் சும்மா குடுக்கறீங்க. மருந்துக்கு ஒண்ணுங் கேக்குலைன்னு எப்படிக் கண்ணு சொல்றது?"

"மருந்துக்கா மார்க் போடச் சொன்னோம்? மூக்குக்குத்தானுங்க!"

டாக்டர் கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். இடது பக்கச் சதை முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை வரச் சொன்னார்.