தெற்குச் சன்னலுக்கு ஒரு அக்ரிலிக் ஷீட்

ஜோதிமேரியின் வீடு பாம்பனில் தென்கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஆனாலும் உள்ளே இருந்தால் கடல் தெரியாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் மணல் சோற்றுப்பானை வரைக்கும் வந்துவிடும் என்பதால் தெற்குச் சன்னலின் மரக்கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். அந்த அறையில்தான் அவளுடைய கணவர் யாக்கோபு பக்கவாதத்தில் படுத்திருந்தார். வலது கையும் காலும் அசையாது. ஒன்றிரண்டு சொல் குழறலாக வரும். பல நாள் அதுவும் வராது.

அவர் விழுவதற்கு முன்பு ஜோதிமேரி மீன்கூடையோடு பஸ் ஏறி ராமநாதபுரம் சந்தைக்குப் போய்வந்தவள். பஸ்ஸில் அவள் குரல்தான் பெரிதாகக் கேட்கும். பிறகு எல்லாம் நின்றுவிட்டது. உடம்பைத் துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது, துணி அலசுவது. மாதா கோயிலில் பார்க்கும் பெண்கள், "ஜோதி மாதிரி எவ புருசனப் பாப்பா" என்பார்கள். அவளுக்குப் பெருமையும் வராது, எரிச்சலும் வராது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவாள். கடைசியாக எப்போது அழுதாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

போன ஆடியில், தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்த மகள் அனிட்டா வந்தபோது அறையின் இருட்டைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள்.

"காலமெல்லாம் கடல்ல கெடந்த மனுசன். அய்யாவ இப்படி இருட்டுல போட்டு வச்சிருக்கியேம்மா. கதவ எடுத்துட்டு அங்கன கண்ணாடி மாதிரி ஷீட்டுப் போட்டா மணலும் வராது, கடலும் தெரியும்."

"சரி" என்றாள் ஜோதிமேரி. வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அனிட்டாவின் வீட்டுக்காரர் ராமநாதபுரத்தில் பெயர்ப் போர்டு செய்யும் ஒரு கடையிலிருந்து அக்ரிலிக் ஷீட் வாங்கி, கடைக்காரரின் போன் நம்பரோடு கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பொருத்த வேண்டிய ஆசாரி நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஷீட் சுவரில் சாய்ந்து கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் அதை நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் யாக்கோபுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அவளே ரம்ப பிளேடை எடுத்து அறுக்கத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு மூலை விரிசல் விட்டு உடைந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டாள்.

கடைக்காரர் ஹமீது சுல்தான் பொறுமையாகச் சொன்னார். "அறுக்காதீக. மேல ஒட்டிருக்க பேப்பரையும் உரிச்சிறாதீக. இரும்பு ஸ்கேல வச்சு கட்டரால ஒரே கோட்டுல திரும்பத் திரும்பக் கீறுங்க. நல்லா ஆழம் இறங்குனதும் கோட்ட மேச விளிம்புல வச்சு அமுக்குங்க, ஒடிஞ்சிரும்."

கீறினாள். வெள்ளைத் தூள் முந்தானையில் விழுந்தது. கை கடுத்தபோதும் நிறுத்தவில்லை. விளிம்பில் வைத்து அமுக்கியதும் படாரென்று ஒடிந்தது. உள்ளே யாக்கோபு முனகினார்.

"ஒண்ணுமில்ல, ஷீட்டுதான்" என்றாள்.

நாலு பக்கமும் வெட்டி, மரக்கதவைக் கழற்றிவிட்டுச் சட்டத்துக்குள் பொருத்தினாள். ஷீட்டில் ஆணி இறக்கினால் வெடித்துவிடும் என்று, அதைச் சுற்றி மெல்லிய ரீப்பர்க் கட்டைகளை வைத்து அடித்தாள். பிறகு பேப்பரை உரித்தாள். வெயிலும் கடலும் ஒரே நேரத்தில் அறைக்குள் வந்தன. கட்டிலை இழுத்துத் திருப்பி, அவர் முகம் சன்னலைப் பார்க்கும்படி வைத்தாள்.

யாக்கோபு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கண்ணு கூசுதா?"

"சாத்து" என்றார். பல நாளுக்குப் பிறகு தெளிவாக வந்த சொல் அது.

"சாத்த முடியாது. ஆணி அடிச்சாச்சு."

சாயங்காலம் அனிட்டா போனில் கேட்டாள். "அய்யா பாக்குறாராம்மா?"

"இல்ல. மூஞ்சியத் திருப்பிக்கிறாரு."

"ஐயோ. அப்ப கழட்டிரும்மா. அவருக்கு வேணாம்னா எதுக்கு?"

"கெடக்கட்டும். நான் பாக்குறேன்."

சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னது அவளுக்கே உறைத்தது. அவருக்கு வெளிச்சம் படாதபடி கட்டிலைப் பழையபடி திருப்பிப் போட்டாள். ஆனால் ஷீட்டைக் கழற்றவில்லை.

மறுநாளிலிருந்து மதிய வேலை முடிந்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுச் சன்னலோரம் உட்காரத் தொடங்கினாள். கடலைப் பார்த்து மனம் லேசானது என்று சொல்ல முடியாது. அலை கரையை அறைவதும் நாய்கள் ஓடுவதும் தெரியும், சத்தம் மட்டும் குறைவாகக் கேட்கும். ஒரு தடவை வள்ளம் ஒன்று இஞ்சின் சத்தத்தோடு கரையேறியபோது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த யாக்கோபு, "யாரு?" என்று கேட்டார்.

"மீரா சாகிபு வள்ளம்."

"மீனு?"

"தெரியல. கூடைய இன்னும் இறக்கல."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கூடைகள் இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, "சூடைதான். கொஞ்சமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரைப் புரட்டிப் போட்டாள்.