லூவெனியா அக்காவுக்குக் கிடைத்த பாராட்டு

சிகாகோவின் தெற்குப் பகுதியில் பியூட்டி பார்லர்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று லூவெனியா அக்காவின் கடை எங்கள் கறுப்பின எழுத்தாளர் பட்டறைக்குக் கிடைக்கும். முடி உலர்த்தும் நாற்காலிகளில் உட்கார்ந்து ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் குறை சொல்லிக் கிழிப்போம். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால், இனி வர வேண்டாம் என்று அர்த்தம். அப்படிப் பாராட்டப்பட்டவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

அக்கா காபி போடுவார், தரையைப் பெருக்குவார், கேட்டுக்கொண்டிருப்பார். எழுபத்தொன்றாம் ஆண்டு ஒரு திங்களன்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏப்ரனிலிருந்து சில தாள்களை எடுத்து வாசித்தார். இறந்துபோன வாடிக்கையாளருக்கு, சுருள்முடியை நேராக்கும் இரும்புச் சீப்பைச் சூடாக்கிக் கடைசியாகத் தலை வாரிவிடும் ஒருத்தியின் கதை.

முடிந்ததும் எல்லோரும் சுவரிலிருந்த விலைப்பட்டியலைப் படித்தோம். அக்காவுக்குக் கோபம் வந்தால் இடம் போய்விடும்.

"நல்லா இருக்குக்கா," என்றார் பஸ் ஓட்டுநர் ஹோரஸ்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் கவிதை எழுதும் கிளியோரா.

அக்கா போய்க் கதவைப் பூட்டிச் சாவியை ஏப்ரனில் போட்டுக்கொண்டார்.

"டேய் ஹோரஸ், போன வாரம் இவ கவிதை மேல பஸ்ஸையே ஏத்தின. எனக்கு மட்டும் நல்லா இருக்கா? என் கடையிலேயே என்னை வெளிய போகச் சொல்றியா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா..."

"உண்மையச் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் போக முடியாது."

"எனக்கு ஷிஃப்ட் இருக்குக்கா."

"ஜனங்க நடந்து போகட்டும்."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்போது பேசியது நானா, அந்தப் பட்டமா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"சீப்பு ஆறிப்போற இடத்திலேயே கதை முடிஞ்சிருச்சுக்கா. அப்புறம் செத்தவ எந்திரிச்சு ரெண்டு பக்கம் பிரசங்கம் பண்றா."

"ஏன், செத்தவ எந்திரிக்கக் கூடாதாடி?"

"எழுதினவங்க பேசக் கூடாதுக்கா," என்றார் ஹோரஸ்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். ஹோரஸ் முதல் பக்கமே தேவையில்லை என்றார். சவ அறையில் எதற்கு இத்தனை ரோஜா என்று கேட்டாள் கிளியோரா. அக்கா எழுந்து கதவைத் திறந்துவிட்டார். யாரும் எழவில்லை. ஹோரஸ் ஷிஃப்டை மறந்து ரோஜாவுக்காகக் கிளியோராவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கள் கடை திறந்திருக்குமா என்று தயங்கித்தான் போனேன். திறந்திருந்தது. அக்கா மறுபடி வாசித்தார். செத்தவள் கடைசிவரை படுத்தே இருந்தாள்.

"இன்னும் சரியா வரலக்கா," என்றார் ஹோரஸ்.

அக்கா போய்க் காபி ஊற்றினார். முதல் கோப்பை ஹோரஸுக்குத்தான்.