கடைசிப்பேர் அக்காவின் பதினோரு நிமிடம்

வெள்ளிக்கிழமை காலையில் பத்திரிகைக்காரர்களுக்கென்று போடும் காட்சியில், நாலாவது வரிசை ஓர இருக்கையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அது கடைசிப்பேர் அக்காவின் இடம். படம் முடிந்து, கதவைத் திறந்துவிட்டு, துடைப்பத்தோடு ஆள் வந்து நின்றாலும் அக்கா அசைய மாட்டார். திரையில் ஓடுகிற பெயர்களில் கடைசிப் பெயர் மேலே போய் மறைந்த பிறகுதான் பையைத் தோளில் மாட்டுவார். டீ கொடுத்தவர் பேர், மேக்கப் பெட்டி தூக்கியவர் பேர், எல்லாவற்றையும் படிப்பார். பேப்பர் ஆபீசில் பதினெட்டு வருஷம் பிழை திருத்திவிட்டு விமர்சனம் எழுத வந்தவர் அவர். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் விட முடியாது. அந்தப் பட்டப்பேரைக் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவருக்கோ அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியிலேயே நிற்கும். இப்போது வருகிற படங்கள் அதை இறங்கவே விடுவதில்லை. கதாநாயகன் திறந்திருக்கிற கதவையும் எட்டி உதைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறான். நாற்பது அடியாட்கள் டிக்கெட் கவுண்டரில் நிற்கிற மாதிரி ஒழுங்காக நின்று, ஒவ்வொருவராக அடி வாங்கிக்கொண்டு போகிறார்கள். கதாநாயகி டாக்டராம், படம் முழுக்க ஒருத்தருக்கும் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. எங்கே அழ வேண்டும் என்று வயலின் முன்கூட்டியே ஓடி வந்து சொல்லிவிடுகிறது. மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, மீதியை அடுத்த பாகத்தில் பாருங்கள் என்கிறார்கள். பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தை அடுத்த வருஷம் வந்து சாப்பிடு என்று சொல்கிற வீட்டுக்கு யாராவது விருந்துக்குப் போவார்களா என்று அக்கா ஒருமுறை எழுதினார்.

இதையெல்லாம்விட அவருக்குப் பற்றிக்கொண்டு வருவது, கூட உட்கார்ந்து பார்க்கிற விமர்சகர்கள். இடைவேளையிலேயே வெளியே போய், போனை முகத்துக்கு நேரே பிடித்துத் தீர்ப்பு சொல்லிவிட்டு, அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

"பாதிப் பேப்பரைத் திருத்திட்டு மார்க் போடற வாத்தியாரை என்ன பண்ணுவீங்க?" என்று அவர்களை மறித்துக் கேட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அந்தக் கடுப்பில்தான் தன் விமர்சனத்தின் கீழே ஒரு வரி போடச் சொன்னார்: 'இந்தப் படம் கடைசிப் பெயர் வரை பார்க்கப்பட்டது.' பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அரைப் பக்கத்தின் அடியில் அந்த வரி வருகிறது.

இருட்டில் குறிப்பெடுக்க அவருக்கு ஒரு வழி உண்டு. இடது கட்டைவிரலை நோட்டின் மேல் வைத்துக்கொள்வார். விரலுக்கு மேலே ஒரு வரி எழுதியதும், விரலைக் கொஞ்சம் கீழே இறக்குவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இருட்டில் மினுங்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வார். எந்தக் காட்சி எத்தனை நிமிடம் இழுத்தது என்று சொல்ல அந்த நோட்டுதான் சாட்சி.

போன மாதம் ஒரு குடும்பப் படம் வந்தது. அக்காவுக்கு அன்று கடும் ஜலதோஷம். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் கணவர் ஒரு மாத்திரையை நீட்டி, "தூக்கம் வரும், இன்னிக்குப் போகாத" என்றார்.

"இவங்க எடுக்கற படத்துக்கு மாத்திரை வேறயா?" என்று கேட்டபடியே அதை முழுங்கிவிட்டு அக்கா கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விமர்சனம் வந்தது. காரம் தூக்கலாகவே இருந்தது. அதில் ஒரு பத்தி இது: 'நாயகனின் அக்கா முதல் பாதியில் பாத்திரம் கழுவுகிறார், துணி மடிக்கிறார். இரண்டாம் பாதி ஆரம்பித்ததோடு ஆளையே காணோம். கதை எழுதியவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. நஷ்டமில்லை. அலமாரி மாதிரி வந்தார், அலமாரி மாதிரி போனார்.'

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போனில் ஒரு பெண் குரல்.

"மேடம், அந்தப் படத்துல அக்காவா நடிச்சது நான்தான்."

"சொல்லுங்க."

"நான் ரெண்டாவது பாதியில இருக்கேன் மேடம். பதினோரு நிமிஷம். இருபத்திமூணு வருஷமா கூட்டத்துல நின்னவ நான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினது அந்த ஒரு சீன்லதான். அதை வச்சு அடுத்த படத்துல ஒரு அம்மா வேஷம் பேசியிருந்தாங்க. நேத்து கூப்பிட்டு, பேப்பர்ல இப்படி வந்திருக்கேன்னு வேற ஆளைப் போட்டுட்டாங்க. நடிப்பு சரியில்லன்னு எழுதியிருந்தீங்கன்னா வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருப்பேன். நீங்க பாக்கவே இல்லையே!"

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரைப் பாத்து என்ன சொல்றீங்க? கடைசிப் பேர் வரைக்கும் உக்காந்திருந்தவ நான். உங்க பேர் எத்தனாவதா வந்துச்சுன்னுகூடச் சொல்லுவேன்!"

"பேரைப் பாத்திருக்கீங்க மேடம். என்னைப் பாக்கல."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஆதாரத்தோடு காட்டுகிறேன் என்று அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தார். இடைவேளை வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்கடுத்த பக்கத்தில், 'துணி மடிக்கிறாள், மறுபடியும்' என்று ஒரு வரி. 'மறுபடியும்' என்ற வார்த்தையின் கடைசி எழுத்திலிருந்து பேனா ஒரு கோடாக வழுக்கிக்கொண்டே போய், பக்கத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. கட்டைவிரல் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. அடுத்த வரி வேறு காட்சி. நடுவில் குறிக்க வேண்டிய நேரம் ஒன்று இல்லை.

அக்கா ஆடிப்போனார். மத்தியானமே தியேட்டருக்குப் போய், டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார்.

அந்தக் காட்சி வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள், தம்பியின் சட்டையைக் கையில் வைத்தபடி நின்றுவிடுகிறாள். இத்தனை வருஷம் கேட்காததையெல்லாம் கேட்கிறாள். குரலை ஒரு இடத்திலும் உயர்த்தவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி, அந்த விரல்களே பாதி வசனத்தைப் பேசிவிடுகின்றன. ஒன்பது நிமிடம் தியேட்டரில் ஒருத்தர்கூட இருமவில்லை. கடைசி இரண்டு நிமிடம் மட்டும் திடீரென்று கண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அப்புறம் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். படத்தில் அதோடு அவள் இல்லை.

அலமாரி என்று எழுதியதை நினைத்து அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிறு மலர் ஆசிரியர் அக்காவைவிட இருபது வயது சின்னவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு மூணு வாசகர் கடிதம் வந்துச்சுக்கா. ஓரமா வச்சுட்டேன்" என்றார்.

"வந்துச்சா? தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"வேற எந்த விமர்சனத்துலயும் அந்த சீன் பத்தி ஒரு வரி இல்லையே. யாருமே கவனிக்கல."

"அவங்க யாரும் அங்க இருந்தாத்தானே தம்பி!" என்று கத்திய பிறகுதான், தானும் அங்கே இல்லை என்பது அக்காவுக்கு உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. "இந்த ஞாயித்துக்கிழமை, அதே இடத்துல, அதே அளவுல எழுதறேன். தூங்கிட்டேன்னு எழுதறேன்."

"பதினோராம் பக்கத்துல சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். இப்படி எழுதினா இனிமே உங்க விமர்சனத்தை எவன் நம்புவான்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அரைப் பக்கத்துல ஒருத்தி பொழப்பைக் கெடுத்துட்டு, மூலையில மன்னிப்புக் கேக்கறதா? போடலன்னா சொல்லுங்க. பழையபடி பிழை திருத்தற மேஜைக்கே போயிடறேன். அங்கயாவது தப்பைத் தப்புன்னு சொல்லலாம்."

"எப்படியோ போங்க" என்றார் ஆசிரியர்.

வீட்டில் கணவர் கைப்பிரதியைப் படித்தார். ஒன்பது நிமிடத்தைப் பற்றி மனம் நிறைய எழுதியிருந்தது. கீழே, 'அந்தக் கடைசி அழுகை வேண்டியதில்லை. அதுவரை கட்டிக் காத்ததை அது கெடுத்துவிட்டது' என்றும் இருந்தது.

"அந்தம்மாவுக்கு வேஷமே போயிடுச்சு. மறுபடியும் குத்தம் சொல்லணுமா? எடுத்துடேன்" என்றார் கணவர்.

அக்கா பேனாவை எடுத்தார். அந்த வரியை அடித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. பேனாவை மூடி வைத்துவிட்டு, "பாவம் பாத்துப் பொய் எழுதச் சொல்றீங்களா? அதுக்கு நான் தூங்கினதே தேவல" என்று சீறினார். அந்த வரி அப்படியே அச்சானது. பன்னிரண்டு வருஷமாக வந்த அடிவரியை மட்டும் அந்த வாரம் அவரே எடுத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலாவது வரிசை ஓர இருக்கையில் ஒரு தலையணை இருந்தது. பின்வரிசையில் கிசுகிசுவென்று சிரிப்பு.

"யார் வீட்டுத் தலையணை இது?" என்று அக்கா திரும்பிக் கேட்டார். அதை முதுகுக்கு அண்டக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இடைவேளையில் பின்வரிசை காலியானது. அவர்களைத் திட்டுகிற உரிமையையும் தூங்கித் தொலைத்துவிட்டோமே என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி அதே குரல்.

"படிச்சேன் மேடம். வேஷம் திரும்பி வரல. அவங்க அந்த ஆளை வச்சே எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க."

அக்கா, "என்னாலதாம்மா" என்றார்.

"அதுக்குக் கூப்பிடல. கடைசியில அந்த அழுகை வேண்டாம்னு எழுதியிருந்தீங்களே..."

அக்கா போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானார்.

"நானும் வேண்டாம்னுதான் சொன்னேன் அக்கா. அழாமலே போயிடறேன்னு கெஞ்சினேன். நீ யாரு சொல்றதுக்குன்னு, கிளிசரின் போட்டு அழ வச்சாங்க."

"எவன் அந்த டைரக்டர்? அவனை நான்..."

"விடுங்கக்கா," என்றது குரல். "இப்பதான் நீங்க என்னைப் பாத்திருக்கீங்க."