ஏழாவது சானலில் ஜெயசீலன்

சிதம்பரத்தில் ஒரு வரவேற்புக்காக ஃபிளாஷை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது கடலூரிலிருந்து அழைப்பு வந்தது. என் கூட்டாளி ஜெயசீலன் உடம்புக்கு முடியவில்லை என்று அன்று வேலைக்கு வரவில்லை. பேசியது அவர் மனைவி எஸ்தர். "அண்ணே, அவுங்க போயிட்டாங்கண்ணே." யார் என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

தேவனாம்பட்டினத்துக்காரர் ஜெயசீலன். கல்யாணங்களில் கேமரா என்னிடம், ஃபிளாஷ் கட்டிய கம்பு அவரிடம். தாலி கட்டும்போது சொந்தபந்தம் மேடையை மொய்த்துக்கொள்வதால், வெளிச்சம் தலைகளுக்கு மேலிருந்துதான் விழவேண்டும். நான் கேமராவை அழுத்தினால் அங்கே ஃபிளாஷை எரியவைப்பது டிரிகர் என்ற சின்னப் பெட்டி ஜோடி. ஒன்று கேமராமேல், மற்றது ஃபிளாஷில்; இரண்டும் ஒரே சானல் எண்ணில் இருந்தால்தான் பேசிக்கொள்ளும். முகூர்த்தத்துக்கு முன் ஒருமுறை அழுத்திப் பார்ப்பேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து "வந்துச்சு மச்சான்" என்பார்.

அந்த டிரிகரை வாங்கத் திருப்பாதிரிப்புலியூர் கடைக்குப் போனபோது, பெரிய திரை வைத்த ஒன்றின்மேல் எனக்குக் கண். அவரோ ஃபிளாஷைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, டிரிகர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபடி மார்க்கெட் கூட்டத்துக்குள் நடந்தார். பொருளோடு ஆள் போய்விட்டார் என்றே கடைக்காரர் முடிவுகட்டிவிட்டார். திரும்பி வந்தவர், திரையில்லாமல் ஓரத்தில் திருகுசக்கரம் மட்டும் வைத்த ஒன்றை எடுத்தார்.

"கடைக்குள்ள எல்லாம் நல்லாத்தான் எரியும். நமக்கும் லைட்டுக்கும் நடுவுல ஊரே நிக்கும் மச்சான். சானல் மாத்தணும்னா விரலே மாத்தணும், கண்ணு கேமராவ வுட்டு வரக்கூடாது."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீடு வந்தேன்.

அதை வாங்கிய புதிதில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். "தாலி கட்டுற படம் ஒண்ணு உடனே அனுப்பிடுங்கண்ணா. உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள அப்பா பாக்கணும்" என்று அந்தப் பெண் கும்பிட்டுக் கேட்டது.

தாலித் தட்டு ஆசி வாங்கச் சுற்றிவந்துகொண்டிருந்தபோது, நான் அழுத்தாமலே எங்கள் ஃபிளாஷ் எரிந்தது. மறுபடியும் எரிந்தது. பதறிப்போய் அழுத்தினேன், படம் ஒரே இருட்டு. சுவருக்கு அந்தப் பக்க மண்டபத்திலும் அதே முகூர்த்தம். அங்கிருந்த போட்டோகிராஃபரும் எங்களைப் போலவே, அதே டிரிகரைக் கடையில் வாங்கியபடி முதல் சானலிலேயே விட்டிருக்கிறார். அவர் அங்கே அழுத்த, எங்கள் ஃபிளாஷ் இங்கே வீணாக எரிந்து, நான் அழுத்தும் நேரத்தில் சார்ஜ் ஏறாமல் களைத்துக்கொண்டிருந்தது.

கெட்டிமேளத்தில் கத்தினாலும் கேட்காது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கம்பு கீழே இறங்கியது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அட்சதைக்கு நடுவே கம்பு மறுபடி எழுந்தது. கூடவே ஜெயசீலனின் ஒரு கை. முதலில் ஐந்து விரல், அடுத்து இரண்டு. ஃபிளாஷை ஏழாவது சானலுக்கு மாற்றிவிட்டார். நானும் கண்ணை எடுக்காமல் சக்கரத்தைச் சொடுக்குச் சொடுக்காக ஏழுக்குத் திருகினேன். முதல் முடிச்சு விழும்போது அழுத்தினேன். வெளிச்சம் விழுந்தது.

படம் போனது. "அண்ணன் பாத்துட்டாரு, இப்பதான் உள்ள போறாரு" என்று பெண்ணின் சித்தப்பா போனில் சொன்னார். ஜெயசீலன் கம்பைச் சாத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னா மச்சான்?" என்றேன். "கை வலிக்குது" என்றார். பச்சைப் பொய். அந்த அப்பா பிழைத்து வந்து, பேரனின் பிறந்தநாளுக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார்.

அடக்கம் முடிந்து, நேற்று கடலூரில் ஒரு முகூர்த்தம். கம்பை ஸ்டாண்டில் கட்டிவிட்டுத் தள்ளி வந்து அழுத்தினேன். சக்கரம் இன்னும் ஏழில்தான் இருக்கிறது. ஃபிளாஷ் எரிந்தது. பழக்கதோஷத்தில் அந்தக் குரலுக்காக அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னாண்ணே, லைட்டு எரியலியா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"வந்துச்சு" என்றேன்.

போய் வா, மச்சான்.